மேல் அறையின் நீலக் கூரை

"நம்ம வீடு எதுலம்மா கட்டுனது?"

மாசி மாதத்தில் ஒரு மாலை என் மகள் இப்படிக் கேட்டாள். இப்போது பங்குனி முடியப் போகிறது. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அவள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். சூழ்நிலையியல் புத்தகத்தில் வீடுகளைப் பற்றி ஒரு பாடம். உலகத்தில் மனிதர்கள் எப்படியெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் நிறையப் படங்கள். பனிக்கட்டியை அறுத்து அடுக்கிய வீடு, மூங்கில் கால்களின் மேல் நிற்கும் வீடு, பாலைவனத்து மண் வீடு, கம்பளி போர்த்திய கூடாரம், சக்கரம் வைத்த வீடு, ஏரியில் மிதக்கும் படகு வீடு, பக்கத்தின் உச்சியை முட்டும் அடுக்குமாடி. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அது எதனால் கட்டப்பட்டது என்று ஒரு வரி. மனிதன் தன் கையருகே கிடைப்பதைக் கொண்டே வீடு கட்டிக்கொண்டான் என்று பாடம் முடிகிறது. அதற்குப் பிறகு வீட்டுப்பாடம்: உன் வீட்டை வரைந்து, அது எந்த வகை, எதனால் கட்டப்பட்டது என்று எழுது.

"செங்கல், சிமெண்ட், கம்பி, மணல்னு எழுது" என்றேன்.

"எந்த மணல்? புக்ல ஆத்து மணல்னு போட்டுருக்கு. ஆத்து மணலாம்மா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

நாங்கள் இருப்பது காரைக்கால்மேட்டில், கடலுக்குக் கொஞ்சம் உள்தள்ளி, சுனாமிக்குப் பிறகு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில். ஊரில் 'சுனாமி வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையல்கட்டு, பின்னால் குளியலறை. எல்லா வீடும் ஒரே அச்சு. கட்டிய காலத்தில் அடையாளம் தெரியாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட உட்கார்ந்தவர்கள் உண்டு என்று என் மாமியார் சொல்வார். இப்போது அப்படிக் குழம்ப முடியாது. ஒருவர் முன்பக்கம் தகரம் இறக்கியிருக்கிறார், ஒருவர் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார், பாதிப் பேர் மாடி எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் வீட்டின் மேல் ஒற்றை அறை நிற்கிறது. நான் எழுதப் போவது அந்த அறையைப் பற்றித்தான். அதன் கூரை என் மகள் தலையில் விழுந்துவிடுமோ என்பது என் பயம். அந்தக் கூரையை என் மாமனார் தன் கையால் போட்டார் என்பதால் அந்தப் பயத்தை வீட்டில் என்னால் சொல்ல முடியவில்லை.

நான் பிறந்தது கடலில் தொழில் செய்யும் சனத்தில்தான். ஆனால் என் அப்பா சின்ன வயதிலேயே கடலை விட்டு ஒரு அலுவலகத்தில் காவலாளியாகிவிட்டார். காரைக்கால் பக்கம் தலத்தெருவில் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மழையில் ஒழுகினால் அப்பா ஏணி போட்டு ஏறி, உடைந்த ஓட்டை எடுத்துவிட்டு வேறு ஓட்டைச் செருகுவார். கால் மணி நேர வேலை. அந்த வீட்டைப் பற்றி எனக்குப் பெரிய ஏக்கம் எதுவும் இல்லை, தேள் விழும். ஆனால் இப்போது அந்த ஏணி அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. எந்த ஓடு உடைந்தது என்று கீழே இருந்தே தெரியும்.

கல்லூரியில் நான் வேதியியல் படித்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, என் தப்பு எவ்வளவு பெரியது என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

மகளுக்கு மூன்று வயதாகும்போது, அவள் படிக்கத் தனியாக ஓர் இடம் வேண்டும் என்று வீட்டில் முதலில் வாய் திறந்தவள் நான். கூடத்தில் எப்போதும் ஆட்கள். வலை, ஐஸ் பெட்டி, தொலைக்காட்சி. "புள்ள படிக்கிறதுக்கு ஒரு ரூம் இருந்தா நல்லாருக்கும் மாமா" என்றேன். ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.

அந்த வருடத் தடைக்காலத்தில் அறை வந்துவிட்டது. சித்திரையில் தொடங்கி இரண்டு மாதம் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, வீட்டு வேலை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். படகில் கூட வரும் ஆட்களே சித்தாளாகவும் கொத்தனாராகவும் ஆகிவிடுவார்கள். இன்றைக்கு நம் வீட்டில், நாளை உன் வீட்டில் என்று கணக்கு. கூலி கிடையாது, மதியம் சோறும் மீன் குழம்பும் உண்டு. மாமனார்தான் மேஸ்திரி. கடலுக்குப் போவதை அப்போதே விட்டுவிட்டார், ஆனால் கை சும்மா இருக்காது.

செங்கல் வந்தது, கம்பி வந்தது, சிமெண்ட் வந்தது. ஆற்று மணல் மட்டும் வரவில்லை. லாரிக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார். தடைக்காலத்தில் பத்து நாள் போய்விட்டது. ஒருநாள் காலை மாமனார் வாசலில் நின்று கடல் பக்கம் கையைக் காட்டினார்.

"ஊரு பூரா மணலா கெடக்கு. மணலுக்காக ஒருத்தன் கால்ல விழணுமா?"

"உப்பு இருக்குமேண்ணே" என்றார் படகு ஆள் ஒருவர்.

"உப்புன்னா கழுவு. மீனை அலசுறதில்ல?"

கரையிலிருந்து மணலை வண்டியில் கொண்டுவந்து சலித்தார்கள். நீல பீப்பாய்களில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறி வடித்தார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தண்ணீர் எங்கள் வீட்டுப் பம்பிலிருந்து. அந்தப் பம்பை அடித்தது நான். அந்தத் தண்ணீரே சற்று உப்புதான். குடிக்க மாட்டோம், துணி துவைக்க வைத்துக்கொள்வோம். இது எனக்குத் தெரியும். அடித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் தடவை வடித்த பிறகு மாமனார் ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, குழம்பில் உப்புப் பார்ப்பது போலப் பார்த்தார். துப்பிவிட்டு, "உப்பு சுத்தமா இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ படிச்ச புள்ள. நீயும் பாரும்மா."

நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு உப்புக் கரித்தது.

ஐம்பது வருடம் கடல் தண்ணீர் பட்ட நாக்கு அது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. உப்பு, ஈரம், இரும்பு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பத்து ஆண்கள் வெயிலில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஒருத்தி கேட்டதற்காக நடக்கும் வேலை. அந்த நேரத்தில், லேசாகத்தானே கரிக்கிறது, சிமெண்டில் கலந்தால் தெரியாது, எனக்குத்தான் நாக்கு கூச்சம் என்றெல்லாம் தோன்றியது.

"சரியா இருக்கு மாமா" என்றேன்.

அவர் திரும்பி ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "ம், கலங்கடா!"

அறை நன்றாகத்தான் வந்தது. இரண்டு ஜன்னல், ஒன்றில் கடல் தெரியும். மாமனார் ஒரு சின்ன மேசையைச் சுவரோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மகள் அதில் உட்கார்ந்துதான் அ, ஆ எழுதினாள். நான்கு வருடம் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அனாவசியமாகப் பயந்தேன் என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

போன ஐப்பசி மழையில் மேசைக்கு நேர் மேலே கூரையில் மயிரிழை போல ஒரு விரிசல் வந்தது. பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை. கறை நேர்க்கோட்டில் இருந்தது, உள்ளே கம்பி போகும் வழியில். நான் ஸ்டூல் போட்டு ஏறி, விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்த்தேன். விரிசல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை போயிருந்தது. இன்னொரு கோடு போட்டேன். இப்படியே ஞாயிறு தோறும். மகளிடம் ஒட்டடை அடிக்கிறேன் என்று சொல்வேன்.

"ஒட்டடையை பென்சில்லயாம்மா அடிப்பாங்க?" என்று கேட்டாள். அவளை ஏமாற்றுவது கஷ்டம்.

கார்த்திகையில் ஒரு பள்ளி விடுமுறை நாள். மகள் மேலே எழுதிக்கொண்டிருந்தவள் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தாள். மேலே தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து அவள் நோட்டின் மேல் கிடந்தது. அவள் தலை இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. மேலே பெயர்ந்த குழியில் கம்பி தெரிந்தது. கம்பி என்று சொல்ல முடியாது. செதில் செதிலாகப் பழுப்பாக ஏதோ. ஸ்டூலில் ஏறி விரலால் தொட்டேன், உதிர்ந்தது.

என் கணவர் விசைப்படகில் போகிறவர். போனால் நாலைந்து நாள் ஆகும், போனும் எடுக்காது. திரும்பி வந்து குளித்துச் சாப்பிடும்வரை பொறுத்துச் சொன்னேன். மேலே வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"காரைதானே உதிர்ந்துருக்கு?"

"கம்பி தெரியுதுங்க."

"அப்பாகிட்ட சொல்லு. பூசி விட்ருவாரு."

"பூசுனா தீராதுங்க. அந்த மணலு…"

அவர் கையை உயர்த்தினார். "மணல் கதையெல்லாம் இப்ப எடுக்காத. அதுக்கு அப்பறம் அந்த மணல்லயே ஊருல நாலு பேரு கட்டிருக்காங்க. எங்கப்பா சொல்லித்தான் கட்டுனாங்க. என்னான்னு போயி சொல்லுவ?"

இது நான் அதுவரை யோசிக்காதது. நாலு வீடு. நாலு வீட்டிலும் மேலே யாரோ படுக்கிறார்கள்.

மறுநாள் மாமனாரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், "மாமா, மேல கொஞ்சம் காரை உதிருது, நேரம் கெடைக்கிறப்ப பாருங்க" என்றேன். மணலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகளின் நோட்டைப் பற்றியும் சொல்லவில்லை. நேரம் கிடைக்கும்போது என்றேன். இப்போது நினைத்தால் அந்த இரண்டு வார்த்தைக்காகவே என்னை யாராவது அடிக்கலாம் என்று தோன்றுகிறது.

தை மாதத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மகளை அழைத்துக்கொண்டு தலத்தெருவுக்குப் போய் இரண்டு நாள் இருந்தேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே அந்த வாடை அடித்தது. கரையில் படகு செப்பனிடும் இடத்தில் அடிக்கும் அதே காட்டமான வாடை. மேலே ஓடினேன்.

கூரை நீலமாகப் பளபளத்தது.

பைபர் படகில் ஓட்டை விழுந்தால் எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ அதைச் செய்திருந்தார்கள். நூல் பாய் போன்ற அந்த வெள்ளைப் பைபரை விரித்து, ரெசின் என்னும் பிசினை ஊற்றித் தேய்த்து, காய்ந்ததும் இன்னொரு பாய், மறுபடி ரெசின். அதன்மேல் படகுக்கு அடிக்கும் நீலப் பெயிண்ட். கூரை முழுக்க, ஒரு மூலை விடாமல். அண்ணாந்து நின்று அதைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மாமனாரின் தலைமுடியிலும் புருவத்திலும் ரெசின் ஒட்டி உறைந்திருந்தது. மாமியார் அதை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேத்திக்கு ரூம் பூசப் போன மனுசன் தலையையும் சேத்துப் பூசிகிட்டு வந்துருக்காரு" என்றார் மாமியார். "இனிமே இவரு தலையும் ஒழுவாது."

மாமனார் என்னைப் பார்த்தார். "இனிமே கடலே கவுந்தாலும் ஒரு சொட்டு எறங்காது. ஒரு துளி காரை விழாது. போதுமா?"

காரை விழாதுதான். விழுந்தாலும் அந்த நீலத் தோலுக்குள்ளேயே தேங்கி நிற்கும்.

என் பென்சில் கோடுகள் எல்லாம் போய்விட்டன. விரிசல் கண்ணுக்குத் தெரிந்த நாட்களில் பயம் இருந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறினால் அந்த வாரத்துப் பயம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இப்போது ஏறிப் பார்த்தால் என் முகம்தான் நீலமாகத் தெரிகிறது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் மறுபடி.

"நல்லா இருக்கு மாமா."

மகள் கை தட்டினாள். படகைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் உட்கார்ந்தது போல இருக்கிறதாம். அவள் மாசியில் எழுதிய வீட்டுப்பாடத்துக்கு இதுதான் காரணம். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிட்ட பிறகு அவளாகவே எழுதி எடுத்துப் போயிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து அவள் வகுப்பு ஆசிரியை போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க வீட்லதானே இருக்கீங்க?"

"ஆமாங்க, வீட்லதான் இருக்கேன். சொல்லுங்க."

"இல்ல, பாப்பா வீட்டுப்பாடத்துல படகு வீடுன்னு எழுதியிருக்கா. பைபரால கட்டுனது, எங்க தாத்தா கட்டுனதுன்னு போட்டுருக்கா. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவ அழுவல, சண்டைக்குப் போயிட்டா. அதான் கேட்டேன்."

நான் விளக்கினேன். கூரைக்கு உள்பக்கம் பைபர் போட்டிருக்கிறோம் என்றேன்.

"கூரைக்கு எதுக்குங்க பைபர்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் மழை ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு, அவரிடமாவது சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். சொல்லி என்ன ஆகும்? அவர் சூழ்நிலையியல் எடுக்கிறவர்.

அதன் பிறகு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், அப்பாவுக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரை வரச் சொன்னேன். மாமனார் காலையில் மீன் ஏலத்துக்குப் போகும் நேரம் பார்த்து. மாமியாரும் கூடையோடு போயிருந்தார். கொத்தனார் மேலே வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது என்னாம்மா, போட்டுக்குள்ள வந்துட்டமா?" என்றார்.

மணல் முதல் பைபர் வரை சொன்னேன். ஐந்து வருடத்தில் ஒரு மனிதரிடம் முழுதாகச் சொன்னது அப்போதுதான். அவர் ஸ்டூலில் ஏறி, கரண்டிப் பிடியால் கூரையைத் தட்டினார். டொக். ஸ்டூலை நகர்த்திப் போட்டுத் தட்டினார். டொக். மூலையில் தட்டினார். அங்கேயும் டொக்.

"காங்கிரீட்டுன்னா கெட்டியா இருக்குற எடத்துல ஒரு சத்தம் வரும், பொத்தலா இருக்குற எடத்துல ஒரு சத்தம் வரும். அதை வச்சு சொல்லிருவேன். இது எங்க தட்டுனாலும் பைபர் சத்தந்தான் வருது. உள்ள நல்லாவும் இருக்கலாம், மோசமாவும் இருக்கலாம்."

"பிரிச்சுப் பாக்கலாமா?"

"பிரிச்சா இருக்குற காரையும் அதோட சேந்து வந்துரும். அப்பறம் மூட முடியாது, எடுத்துட்டு புதுசாதான் போடணும். பெரியவரு சம்மதிக்கணும்." கொஞ்சம் தயங்கி, "கடல் மண்ணுன்னு சொல்றீங்க. நானா இருந்தா புள்ளைய கீழயே வச்சுக்குவேன்" என்றார்.

அப்போது படியில் செருப்புச் சத்தம். ஏலம் சீக்கிரம் முடிந்திருக்கிறது. மாமனார் மேலே வந்தார். கொத்தனாரையும் அவர் கையிலிருந்த கரண்டியையும் பார்த்தார். பிறகு என்னை.

"என்னா தம்பி, தட்டிப் பாக்குறீங்க?"

கொத்தனார் என் முகத்தைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது, நான்தான் சொல்லவில்லை.

"ஒன்னுமில்லண்ணே" என்றார் கொத்தனார். "இந்தப் பக்கம் வேலையா வந்தேன். அக்கா புது மாதிரி ரூப்பு ஒன்னு இருக்குன்னாங்க, பாத்துட்டுப் போவலாம்னு. நல்லா கெட்டியா போட்டுருக்கீங்க."

மாமனாரின் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு கோட்டு பாயி. எட்டு கிலோ ரெசின்." அவரே ஸ்டூலில் ஏறி, கையை மடக்கித் தட்டிக் காட்டினார். டொக், டொக். "என்னாம்மா, சொன்னியா தம்பிக்கு?"

"சொன்னேன் மாமா."

கொத்தனார் படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறு வீடு பார்க்கலாம் என்று கணவரை ஒருமுறை சம்மதிக்க வைத்தேன். தலத்தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் முதல் மாடி. காங்கிரீட் தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். நன்றாகத்தான் பேசினார். என் கணவர் என்ன வேலை என்று கேட்கும்வரை.

"மீனு சமைப்பீங்களா?"

"சமைப்போங்க."

"வாரத்துல எத்தனை நாளு?"

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தனை நாளு சமைக்க மாட்டோம்னு கேளுங்கம்மா, அதுக்கு பதில் சொல்றேன்."

வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. வண்டியை எடுக்கும்போது, "நாம தனியா போனா ஊருல என்னான்னு பேசுவாங்க தெரியுமா? மாமியாரோட ஒத்துப்போவலன்னு உன்னத்தான் சொல்லுவாங்க" என்றார். அதுவும் உண்மைதான். மாமியாரோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. அவரிடமே சொல்லிப் பார்க்கலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சொன்னால் அடுத்த நிமிடம் மாமனார் காதுக்குப் போய்விடும். நான் சொல்லாமல் இன்னொருவர் வழியாகத் தெரிந்தால் மாமனாருக்கு அது இன்னும் கேவலம்.

இப்போதைக்கு நான் செய்வதெல்லாம் சின்னச் சின்னப் பொய். மேலே கொசு. மேலே வெயில். பரீட்சை நேரம், கீழே உட்கார்ந்து என் கண் முன்னால் படி. மகள் முணுமுணுத்துக்கொண்டே கீழே படிக்கிறாள். பள்ளி முடிந்து வந்ததும் நான் துணி எடுக்கப் பின்னால் போகும் ஐந்து நிமிடத்தில் மேலே ஓடிவிடுகிறாள். "படகுக்குப் போறேன்" என்று குரல் மட்டும் வரும். நான் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு ஓடுவேன்.

மேலே பூட்டுப் போட்டேன் ஒருநாள். மாமனார் சாயங்காலம் பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "சாவி தொலைஞ்சுபோச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று திறந்து கொடுத்தேன். எங்கள் வீட்டில் எதற்கும் பூட்டு கிடையாது.

போன வாரம் வாசலில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வந்து இறங்கியது. ஆயிரம் லிட்டர். கோடையில் பாப்பா மேலே குளிக்க, மேலேயே ஒரு குழாய் வைக்க. மாமனார்தான் வாங்கியிருக்கிறார். தடைக்காலம் தொடங்கியதும் ஆட்கள் வந்துவிடுவார்கள், கயிறு கட்டித் தூக்கி மேல் அறையின் கூரையில் உட்கார வைக்க வேண்டியதுதான். மாமியார் அதைச் சுற்றி வந்து, "இதுல நானே குடியிருக்கலாம் போலருக்கே, வாடகை என்னா?" என்றார். மகள் உள்ளே தலையை விட்டு ஊ என்று கத்திப் பார்த்தாள். புத்தகத்தில் இல்லாத வகை வீடு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆயிரம் லிட்டர் என்றால் ஆயிரம் கிலோ. நான் இதைக் கணவரிடம் சொன்னேன். இந்த முறை அவர் கையை உயர்த்தவில்லை. கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியைக் கட்டிய கையோடு நின்று, "வந்ததும் பேசுறேன்" என்றார். பேசுவார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் என்ன பேசுவார்? கூரை தாங்காது என்றால் ஏன் தாங்காது என்று அவர் அப்பா கேட்பார். மணல் என்றால், படித்த பிள்ளை நாக்கில் வைத்துப் பார்த்துத்தானே சொன்னாள் என்பார். அது என் வாயிலிருந்து வர வேண்டிய பதில்.

கண்ணாடி முன் நின்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "மாமா, அன்னிக்கி எனக்கு உப்பு கரிச்சுது." அவ்வளவுதான் வாக்கியம். அதற்கு அடுத்த வாக்கியம் வரவில்லை. நாலு வீட்டுக்காரர்களின் முகம் வருகிறது. ரெசின் ஒட்டிய புருவம் வருகிறது. அவர் வாழ்நாளில் கடலில் தப்புக் கணக்குப் போட்டதில்லை என்பார்கள். கரையில் ஒன்று போட்டார், அதற்கும் நான் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் கட்டட வேலை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். பைபர் ஒட்டிய கூரையைப் பிரிக்காமல் உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏதாவது வழி உண்டா? இடிக்காமல், கீழே இருந்து முட்டுக் கொடுத்தாவது காப்பாற்ற முடியுமா? அந்த மணலில் கட்டிய மற்ற நாலு வீட்டுக்கும் அதே வழி பொருந்துமா? தயவுசெய்து எழுதுங்கள்.

கட்டட வேலை தெரியாவிட்டாலும் வீட்டில் மூத்தவர்களோடு இருப்பவர்கள் இருப்பீர்கள். அந்தத் தொட்டி வாசலில் இருக்கிறது, மேலே ஏறவில்லை. தடைக்காலத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. உப்புக் கரித்தது என்று சொன்ன பிறகு, அடுத்ததாக அவரிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும்.